சாப்பிடும்போது மட்டும் தாடை வீங்குகிறதா? உமிழ்நீர்ச் சுரப்பியில் கல் இருக்கலாம்!

இலையில் சோறு விழுகிறது. ஊறுகாயைத் தொட்டு நாக்கில் வைத்ததும் தாடைக்குக் கீழே ஒரு பக்கம் ‘விண்’ணென்று வலிக்கிறது. கை வைத்துப் பார்த்தால் எலுமிச்சை அளவுக்கு வீக்கம். சாப்பிட்டு முடித்து ஒரு மணி நேரம், இரண்டு மணி நேரம் போனால் வீக்கம் தானாக வடிந்துவிடுகிறது. மறுநாள் மதியம் மறுபடியும் அதே கதை.

இப்படி ஒருவருக்கு வந்தால் வீட்டில் முதலில் வரும் பேச்சு, “ஒண்ணும் இல்ல, பொன்னுக்கு வீங்கியா இருக்கும். கழுத்துல தங்கச் சங்கிலியைப் போடு, இறங்கிடும்” என்பதுதான். அடுத்த சந்தேகம் சொத்தைப் பல்மீது போகும். இரண்டும் இல்லையென்றால், “கட்டியா இருக்குமோ, கேன்சரா இருக்குமோ” என்ற பயம். உமிழ்நீர்ச் சுரப்பியிலும் கல் வரும் என்பது பலருக்கும் தெரியாது. கிட்னியில் கல், பித்தப்பையில் கல் என்றால் உடனே புரிகிறது. “வாய்க்குள்ள எப்படிங்க கல்லு?” என்று கேட்பவர்கள்தான் அதிகம்.

காரைக்கால் மாவட்டத்தில் நெடுங்காடு போன்ற ஒரு விவசாய ஊரில் இருப்பவருக்கு இந்தத் தொல்லை வந்தால் அவர் எப்படிக் கண்டுகொள்வது, எந்த மருத்துவரிடம் போவது, என்ன சிகிச்சை கிடைக்கும், சுரப்பியையே எடுத்துவிட வேண்டுமா? பார்ப்போம்.

உமிழ்நீர் எங்கிருந்து வருகிறது?

நம் வாயில் ஒரு நாளைக்கு அரை லிட்டரிலிருந்து ஒன்றரை லிட்டர் வரை உமிழ்நீர் சுரக்கிறது. இதற்குப் பெரிய சுரப்பிகள் மூன்று ஜோடி உண்டு. காதுக்கு முன்னால் கன்னத்தில் இருப்பது கன்னச் சுரப்பி. கீழ்த்தாடை எலும்புக்கு அடியில் இருப்பது கீழ்த்தாடைச் சுரப்பி. நாக்குக்கு அடியில் இருப்பது நாவடிச் சுரப்பி. இவை தவிர உதடு, கன்னம், அண்ணம் என்று வாய் முழுக்க நூற்றுக்கணக்கில் குட்டிச் சுரப்பிகளும் இருக்கின்றன.

சுரப்பியில் ஊறும் நீர் ஒரு மெல்லிய குழாய் வழியாக வாய்க்கு வருகிறது. கீழ்த்தாடைச் சுரப்பியின் குழாயை 1656-இல் விவரித்தவர் இங்கிலாந்து மருத்துவர் தாமஸ் வார்ட்டன். அதனால் இன்றும் மருத்துவர்கள் அதை ‘வார்ட்டன் குழாய்’ என்றே சொல்கிறார்கள். சில ஆண்டுகளில் டென்மார்க்கைச் சேர்ந்த நீல்ஸ் ஸ்டென்சன் கன்னச் சுரப்பியின் குழாயைக் கண்டறிந்தார். அது ‘ஸ்டென்சன் குழாய்’. மருத்துவர் எழுதித் தரும் சீட்டிலோ ஸ்கேன் அறிக்கையிலோ இந்தப் பெயர்கள் இருந்தால் பயப்பட வேண்டாம். அவை நோயின் பெயர்கள் இல்லை, குழாயின் பெயர்கள்.

இந்தக் குழாயில் கல் அடைத்துக்கொண்டால் என்ன ஆகும்? வாய்க்காலில் மடை அடைத்த கதைதான். சும்மா இருக்கும்போது நீர் கொஞ்சமாகத்தான் ஊறும். அது கல்லின் ஓரமாகக் கசிந்து வந்துவிடும். சாப்பாட்டைப் பார்த்ததும், புளிப்பை நாக்கில் வைத்ததும், சுரப்பி முழு வேகத்தில் வேலை செய்யும். அவ்வளவு நீரும் வெளியே வர வழியில்லாமல் பின்னால் தேங்குகிறது, சுரப்பி உப்புகிறது, வலிக்கிறது. சாப்பாடு முடிந்து சுரப்பு குறைந்ததும் தேங்கிய நீர் மெல்லக் கசிந்து வடிகிறது. சாப்பாட்டு நேரத்தில் வீங்கி, பிறகு வடிவதற்கு இதுதான் காரணம். நோயைக் கண்டுபிடிக்க இதைவிடப் பெரிய துப்பு கிடையாது.

கீழ்த்தாடையில் மட்டும் ஏன் அதிகம்?

உமிழ்நீர்க் கற்களில் 80 சதவீதத்துக்கும் மேல் கீழ்த்தாடைச் சுரப்பியில்தான் வருகின்றன. மீதியில் பெரும்பகுதி கன்னச் சுரப்பியில். நாவடிச் சுரப்பியிலும் குட்டிச் சுரப்பிகளிலும் வருவது அரிது.

இதற்குக் காரணங்கள் உண்டு. கீழ்த்தாடைச் சுரப்பியின் நீர் கொழகொழப்பானது, கால்சியம் அதிகம் உள்ளது, காரத்தன்மை கூடியது. அந்த நீர் சுமார் 5 சென்டிமீட்டர் நீளமுள்ள குழாய் வழியாகக் கீழிருந்து மேலே ஏற வேண்டும். வழியில் குழாய் வளைகிறது; வாய்க்குள் திறக்கும் இடத்தில் மிகவும் குறுகுகிறது. மெதுவாக ஓடும் தண்ணீரில்தானே வண்டல் படியும்? குழாயில் சேரும் சளி, உதிர்ந்த செல்கள், பாக்டீரியா ஆகியவற்றின்மேல் கால்சியம் பாஸ்பேட் படலம் படலமாகப் படிந்து கல்லாகிறது.

கல் ஒரே நாளில் வளர்வதில்லை. ஆண்டுக்கு ஒரு மில்லிமீட்டர் அளவுக்கு வளரும் என்பது ஒரு மதிப்பீடு. பெரும்பாலான கற்கள் ஒரு சென்டிமீட்டருக்குள்தான் இருக்கும். 15 மில்லிமீட்டரைத் தாண்டினால் மருத்துவர்கள் அதை ‘ராட்சதக் கல்’ என்கிறார்கள்.

யாருக்கு வரும்?

30 வயதிலிருந்து 60 வயதுக்குள் அதிகம் வருகிறது. குழந்தைகளுக்கு வருவது குறைவு. உடம்பில் நீர்ச்சத்து குறைவது, புகைபிடிப்பது, உமிழ்நீரைக் குறைக்கும் சில மாத்திரைகள் ஆகியவை வாய்ப்பைக் கூட்டலாம். ரத்த அழுத்தத்துக்கோ கால் வீக்கத்துக்கோ தரப்படும் நீர்பிரிப்பு மாத்திரை, சளி, அரிப்புக்குப் போடும் அலர்ஜி மாத்திரை, மனச்சோர்வுக்கான சில மருந்துகள் இந்தப் பட்டியலில் வரும். அதற்காக ரத்த அழுத்த மாத்திரையை நீங்களாக நிறுத்திவிடாதீர்கள். மருத்துவரிடம் சொன்னால், தேவை இருந்தால் அவர் மாற்றித் தருவார்.

டெல்டாவில் நீர்ச்சத்து விஷயத்தைத் தனியாகச் சொல்ல வேண்டியிருக்கிறது. வெயிலில் களை எடுப்பவர்கள், அறுவடைக்குப் போகிறவர்கள், படகில் கடலுக்குப் போகிறவர்கள், ஒதுங்க இடமில்லை என்பதால் தண்ணீரே குடிக்காமல் வேலை செய்யும் பெண்கள் — இவர்கள் எல்லோருக்கும் பகலில் உடம்பு காய்கிறது. உமிழ்நீரும் கெட்டிப்படுகிறது. வெறும் தாகத்தால் மட்டும் கல் வந்துவிடும் என்று சொல்ல முடியாது. ஆனால் ஏற்கெனவே கல் இருப்பவருக்குத் தொல்லை கூடும்.

“கிட்னியில கல்லு இருக்கு, அதான் வாயிலயும் வந்துடுச்சா?” என்று சிலர் கேட்பார்கள். பொதுவாக இரண்டுக்கும் நேரடித் தொடர்பு இல்லை. சிறுநீரகக் கற்களில் அதிகம் காணப்படுவது கால்சியம் ஆக்சலேட். உமிழ்நீர்க் கல்லில் இருப்பது முக்கியமாகக் கால்சியம் பாஸ்பேட். இந்தக் கல் இருப்பவர்களில் பெரும்பாலோருக்கு ரத்தத்தில் கால்சியம் சரியான அளவில்தான் இருக்கும். ஆகவே தக்காளி, கீரை, பால் என்று எதையும் ஒதுக்க வேண்டியதில்லை.

பொன்னுக்கு வீங்கியா, கல்லா?

பொன்னுக்கு வீங்கி என்பது வைரஸ் காய்ச்சல். பெரும்பாலும் பிள்ளைகளுக்கு வரும். காய்ச்சல், உடம்பு வலியோடு காதுக்கு முன்னாலும் கீழேயும் கன்னம் வீங்கும். பல நேரம் இரண்டு பக்கமும் வீங்கும். வீக்கம் இரவு பகல் என்று இல்லாமல் சில நாட்கள் அப்படியே இருந்து, ஒரு வாரம் பத்து நாளில் வடியும். ஒருமுறை வந்தவருக்கு மறுபடி வருவது அரிது.

கல்லால் வரும் வீக்கம் பெரும்பாலும் ஒரு பக்கம்தான். காய்ச்சல் இருக்காது. சாப்பாட்டோடு வந்து, சாப்பாட்டுக்குப் பின் போகும். மாதக்கணக்கில், சிலருக்கு ஆண்டுக்கணக்கில் திரும்பத் திரும்ப வரும். “எனக்கு மூணாவது தடவையா பொன்னுக்கு வீங்கி வந்திருக்கு” என்று நாற்பது வயதுக்காரர் ஒருவர் சொன்னால், அது பொன்னுக்கு வீங்கியாக இருக்க வாய்ப்பு குறைவு.

தங்கச் சங்கிலி போட்டால் இறங்குகிறதே என்று கேட்கலாம். பொன்னுக்கு வீங்கி ஒரு வாரத்தில் தானாகவே இறங்கும். கல் வீக்கம் இரண்டு மணி நேரத்தில் தானாகவே வடியும். சங்கிலி போட்டாலும் போடாவிட்டாலும் நடப்பது இதுதான். சங்கிலி போடுவதால் கெடுதல் இல்லை. அதை நம்பிக் காலம் கடத்துவதுதான் கெடுதல்.

2017 பிப்ரவரியில் தமிழ்நாடு, புதுச்சேரி உள்ளிட்ட இடங்களில் பிள்ளைகளுக்குப் பெரிய அளவில் போடப்பட்டது தட்டம்மை – ருபெல்லா தடுப்பூசி. அதில் பொன்னுக்கு வீங்கிக்கான மருந்து கிடையாது. எனவே ‘தடுப்பூசி போட்டாச்சே’ என்று பிள்ளைக்கு வந்த கன்ன வீக்கத்தை அலட்சியம் செய்ய வேண்டாம்.

மாத்திரையில் சரியாகிவிட்டதே, பிறகென்ன?

பலரும் ஏமாறும் இடம் இது. அடைபட்ட சுரப்பியில் கிருமி சேர்ந்தால் தாடைக்குக் கீழே சிவந்து, தொட்டாலே வலித்து, காய்ச்சல் வரும். நாக்குக்கு அடியிலிருந்து சீழ் வரும், வாய் நாறும். ஆன்டிபயாட்டிக் கொடுத்தால் ஐந்தாறு நாளில் எல்லாம் அடங்கிவிடும். “சரியாப் போச்சு” என்று நாமும் விட்டுவிடுவோம். ஆனால் மருந்து கொன்றது கிருமியை மட்டும். கல் அங்கேயேதான் இருக்கிறது. நான்கு மாதம் கழித்து மறுபடி வீங்கும். மெடிக்கலில் பழைய சீட்டைக் காட்டி அதே மாத்திரையை வாங்குவோம்.

இப்படி ஒவ்வொரு முறை கிருமித்தொற்று வரும்போதும் சுரப்பியில் தழும்பு விழுகிறது. கல்லும் வளர்கிறது. ஆரம்பத்தில் வாய்க்குள் சின்னதாகக் கீறி எடுத்திருக்கக்கூடிய கல், ஐந்தாறு ஆண்டில் சுரப்பியின் வாசலில் பெரிதாக உட்கார்ந்துவிடும். கல்லை எடுப்பதோடு முடிந்திருக்க வேண்டியது, கழுத்தைக் கீறிச் சுரப்பியை எடுக்கும் நிலைக்குப் போய்விடலாம். இரண்டாவது முறை அதே இடத்தில் வீக்கம் வந்தால், மாத்திரையோடு நிறுத்தாமல் “கல் இருக்கான்னு பாருங்க டாக்டர்” என்று நீங்களே கேட்டுவிடுங்கள்.

எப்படிக் கண்டுபிடிப்பார்கள்?

முதல் பரிசோதனைக்குக் கருவியே வேண்டாம். மருத்துவர் கையுறை போட்டு ஒரு விரலை நாக்குக்கு அடியிலும், இன்னொரு கையைத் தாடைக்கு வெளியிலும் வைத்துப் பின்னாலிருந்து முன்னால் மெல்லத் தடவிப் பார்ப்பார். குழாயில் கல் இருந்தால் பல நேரம் விரலில் நெருடும். சுரப்பியை அழுத்தி, நாக்குக்கு அடியில் உள்ள துளையிலிருந்து தெளிந்த நீர் வருகிறதா, சீழ் வருகிறதா, ஒன்றுமே வரவில்லையா என்றும் பார்ப்பார். சில சமயம் துளையின் வாயிலேயே மஞ்சள் வெள்ளையாகக் கல் எட்டிப் பார்க்கும்.

அடுத்தது எக்ஸ்ரே. பல் மருத்துவர்கள் ஃபிலிமைப் பற்களுக்கு இடையில் கடிக்கச் சொல்லி வாயின் அடித்தளத்தைப் படம் எடுப்பார்கள். செலவு குறைவு. கீழ்த்தாடைக் கற்களில் பெரும்பாலானவை இதில் தெரிந்துவிடும். கன்னச் சுரப்பிக் கற்கள் பலவும் எக்ஸ்ரேயில் தெரியாது. ஆகவே ‘எக்ஸ்ரேயில் ஒன்றும் இல்லை’ என்றால் கல்லே இல்லை என்று அர்த்தமாகாது.

அல்ட்ராசவுண்ட் ஸ்கேனில் கதிர்வீச்சு இல்லை; வலி இல்லை. கர்ப்பிணிகளுக்கும் செய்யலாம். இரண்டு மில்லிமீட்டருக்கு மேற்பட்ட கற்களில் பெரும்பாலானவற்றை இது காட்டிவிடும். கல் எங்கே இருக்கிறது, குழாய் எவ்வளவு விரிந்திருக்கிறது, சுரப்பி எந்த நிலையில் இருக்கிறது என்பதும் தெரியும். சந்தேகம் தீராவிட்டால் சிடி ஸ்கேன். குழாய்க்குள் சாயம் செலுத்திப் படம் எடுக்கும் பழைய முறை இப்போது குறைந்துவிட்டது. அதைக் கிருமித்தொற்று இருக்கும்போது செய்யக் கூடாது.

வீட்டில் என்ன செய்யலாம்?

சின்னக் கற்கள் தானாகவே வெளியே வந்துவிடுவது உண்டு. அதற்கு உதவலாம். நிறையத் தண்ணீர் குடியுங்கள். வெயிலில் வேலை செய்பவர்கள் நீராகாரம், மோர் என்று கையில் வைத்துக்கொள்ளலாம். இதய நோய், சிறுநீரக நோய்க்காகத் தண்ணீர் அளவு சொல்லப்பட்டிருந்தால் அந்த அளவைத் தாண்டாதீர்கள். வெதுவெதுப்பான நீரில் துணியை நனைத்து ஒத்தடம் கொடுங்கள். தாடைக் கோணத்திலிருந்து முகவாயை நோக்கி, அதாவது பின்னாலிருந்து முன்னால், விரலால் மெல்லத் தடவிவிடுங்கள். எலுமிச்சையோ புளிப்பு மிட்டாயோ சப்பினால் உமிழ்நீர் வேகமாகச் சுரந்து கல்லைத் தள்ளும். அப்படிச் செய்யும்போது வலி தாங்க முடியாமல் போனால் நிறுத்திவிடுங்கள். அடைப்பு முழுமையாக இருக்கிறது என்று அர்த்தம்.

செய்யக் கூடாதவையும் உண்டு. நாக்குக்கு அடியில் கல் தெரிகிறது என்று ஊக்கு, ஊசி, முள்வாங்கி வைத்து நோண்டாதீர்கள். கல் உள்ளே போய்விடும், அல்லது குழாய் கிழிந்துவிடும். சுண்ணாம்புப் பற்று போட்டால் தோல் வெந்துபோகலாம். உள்ளே இருக்கும் கல்லை அது எட்டாது.

எப்போது உடனே ஓட வேண்டும்?

காய்ச்சலோடு வீக்கம் கழுத்துக்குப் பரவுவது, வாயைத் திறக்க முடியாமல் போவது, நாக்கு மேலே தூக்கிக்கொள்வது, எச்சில் விழுங்க முடியாமல் வழிவது, மூச்சுவிடச் சிரமம் — இதில் எது இருந்தாலும் விடியட்டும் என்று காத்திருக்காதீர்கள். கிருமித்தொற்று மூச்சுப் பாதையை அடைத்துவிடக்கூடும். இரவானாலும் 108-ஐ அழைத்து மருத்துவமனைக்குப் போங்கள்.

இன்னொரு எச்சரிக்கை. சாப்பாட்டோடு சம்பந்தமே இல்லாமல், வடியாமல், வலியும் இல்லாமல் கெட்டியாக ஒரு கட்டி இருந்தால் அதைக் ‘கல்தான்’ என்று நீங்களே முடிவு செய்யாதீர்கள். கன்னச் சுரப்பியில் வரும் கட்டிகளில் பெரும்பாலானவை சாதாரணக் கட்டிகள். கீழ்த்தாடைச் சுரப்பியில் வருபவற்றில் ஏறக்குறையப் பாதி புற்றாக இருக்கலாம். வெற்றிலையோடு புகையிலை போடுபவர்களுக்கு வாய்ப்புற்று கழுத்து நெறிக்கட்டியாகத் தெரிவதும் உண்டு. முகம் ஒரு பக்கம் கோணுவது, ஆறாத வாய்ப்புண் ஆகியவை இருந்தால் தாமதிக்காமல் காட்ட வேண்டும்.

கல்லை எப்படி எடுப்பார்கள்?

கல்லின் அளவு, அது இருக்கும் இடம், எந்தச் சுரப்பி என்ற மூன்றையும் வைத்துத்தான் முறை முடிவாகும்.

கல் குழாயின் முன்பகுதியில், நாக்குக்கு அடியில் கைக்கு எட்டும் இடத்தில் இருந்தால் வாய்க்குள்ளேயே சிறிதாகக் கீறி எடுத்துவிடலாம். அந்த இடத்தை மட்டும் மரத்துப்போகச் செய்தால் போதும். கல் பின்னால் நழுவிவிடாமல் இருக்க அதற்குப் பின்னால் ஒரு தையல் போட்டுக்கொண்டு, குழாயைக் கீறிக் கல்லை வெளியே எடுப்பார்கள். வெளியே தழும்பு இருக்காது. பெரும்பாலும் அன்றே வீட்டுக்கு வந்துவிடலாம்.

கல் சிறியதாக, ஆனால் கைக்கு எட்டாத தூரத்தில் இருந்தால் எண்டோஸ்கோப் உதவும். இதற்குச் சியாலெண்டோஸ்கோப்பி என்று பெயர். 1990-களில் ஐரோப்பாவிலும் இஸ்ரேலிலும் வளர்ந்த முறை இது. ஒன்றரை மில்லிமீட்டர் பருமன்கூட இல்லாத குழாய்க் கேமராவை உமிழ்நீர்த் துளை வழியாகவே உள்ளே விட்டு, குட்டிக் கம்பிக் கூடையால் கல்லைப் பிடித்து இழுப்பார்கள். கீழ்த்தாடையில் சுமார் 4 மில்லிமீட்டர், கன்னத்தில் சுமார் 3 மில்லிமீட்டர் வரையுள்ள கற்களுக்கு இது பொருந்தும். அதைவிடச் சற்றுப் பெரியவற்றை லேசர் கொண்டு உடைத்து எடுக்கலாம். இன்னும் பெரியதென்றால் கேமராவையும் சிறு கீறலையும் சேர்த்துச் செய்வார்கள்.

சுரப்பியை எடுத்தே ஆக வேண்டுமா?

ஒரு காலத்தில் கல் உள்ளே இருந்தால் சுரப்பியையே எடுப்பதுதான் வழக்கம். இப்போது அது கடைசி வழி. கல்லை எடுத்தபின் பல சுரப்பிகள் மறுபடி வேலை செய்யத் தொடங்குகின்றன. சுரப்பி முழுக்கத் தழும்பேறி, அடிக்கடி சீழ் பிடித்து, வேறு முறையில் கல்லை எடுக்க முடியாதபோது சுரப்பியை நீக்கச் சொல்வார்கள். அதற்குத் தாடைக்குக் கீழே கழுத்தில் கீற வேண்டும். கீழுதட்டை அசைக்கும் நரம்பும், நாக்கின் உணர்வு, அசைவு நரம்புகளும் அருகில் செல்வதால் அனுபவமுள்ள அறுவை மருத்துவர் தேவை. ஒரு சுரப்பியை எடுத்துவிட்டால் வாய் காய்ந்துவிடுமோ என்ற பயம் வேண்டாம். மற்றச் சுரப்பிகள் ஈடுகட்டிவிடும்.

நெடுங்காட்டிலிருந்து எங்கே போவது?

முதலில் அருகிலுள்ள அரசு சுகாதார நிலையத்திலோ பல் மருத்துவரிடமோ காட்டலாம். ஸ்கேனுக்கும், காது மூக்கு தொண்டை மருத்துவரைப் பார்க்கவும் காரைக்கால் அரசு பொது மருத்துவமனைக்குப் போகலாம். வாய்க்குள் கீறி எடுக்கக்கூடிய கல் என்றால் வெகுதூரம் அலைய வேண்டியிருக்காது. எண்டோஸ்கோப் தேவை என்றால் புதுச்சேரி ஜிப்மர், தஞ்சை மருத்துவக் கல்லூரி மருத்துவமனை, சென்னையின் பெரிய மருத்துவமனைகள் என்று விசாரிக்க வேண்டும். ஒரு நாள் கூலியை விட்டு, பஸ் ஏறிப் போய்த் திரும்புவதற்கு முன், “அங்க சியாலெண்டோஸ்கோப்பி செய்றாங்களா?” என்று அனுப்புகிற மருத்துவரிடமே கேட்டுக்கொள்ளுங்கள்.

காரைக்கால் மாவட்டத்தை மூன்று பக்கமும் தமிழ்நாடு சூழ்ந்திருந்தாலும் நெடுங்காட்டுக்காரரின் ரேஷன் அட்டை புதுச்சேரி அரசுடையது. தமிழ்நாடு முதலமைச்சரின் காப்பீட்டுத் திட்டம் தமிழ்நாட்டுக் குடும்ப அட்டை வைத்திருப்பவர்களுக்கானது. எனவே தஞ்சைக்கோ சென்னைக்கோ தனியார் மருத்துவமனைக்குப் போவதாக இருந்தால், கையிலிருக்கும் காப்பீட்டு அட்டை அங்கே செல்லுமா, இந்தச் சிகிச்சை அதில் வருமா என்று சேர்வதற்கு முன்பே கேட்டுவிடுவது நல்லது.

மருத்துவரிடம் கேட்க வேண்டியவை

கல் எத்தனை மில்லிமீட்டர்? குழாயில் இருக்கிறதா, சுரப்பிக்குள் இருக்கிறதா? ஒன்றுதானா, இன்னும் இருக்கிறதா? வாய் வழியாகவே எடுக்க முடியுமா? சுரப்பியை எடுக்கச் சொன்னால், அதைக் காப்பாற்ற வேறு வழி பார்த்தாயிற்றா? நான் சாப்பிடும் மாத்திரைகளில் வாயைக் காயவைப்பது எது?

பழைய எக்ஸ்ரே, ஸ்கேன், சாப்பிட்ட ஆன்டிபயாட்டிக் சீட்டுகள் எல்லாவற்றையும் ஒரு பையில் போட்டு எடுத்துச் செல்லுங்கள். வீக்கம் எந்த நேரத்தில் வருகிறது, எவ்வளவு நேரம் இருக்கிறது என்று ஒரு வாரம் குறித்துவைத்துக் காட்டுங்கள். வீங்கியிருக்கும்போது செல்போனில் ஒரு படமும் எடுத்துக்கொள்ளுங்கள். மருத்துவரிடம் போய்ச் சேரும் நேரத்தில் வீக்கம் வடிந்திருக்கும்; அப்போது அந்தப் படம் பேசும்.